புகையாக வந்து புனலோடு போவது

தை மாதம் ஐந்தாம் நாள், திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கண்டு திரும்பிய பின்னர், கூட்டமும் கடைகளும் கலைந்துபோன மணற்பரப்பில், உலோகம் இருந்தால் ஒலியெழுப்பிக் காட்டும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யாரேனும் தவறவிட்ட காசு அகப்படுமா என்று தேடிய மணலூர்பேட்டை அன்பர் ஒருவருக்கு, முழங்கை ஆழத்தில் ஒரு பழைய பெல்ட் கொக்கி கிடைத்திருக்கிறது. ஆறு புகைப்படங்களோடு அவர் எழுதியுள்ள கடிதத்தில் இதன் வயது என்ன என்பது ஒரே கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் ஊரிலேயே மூன்று விடைகள் கிடைத்துவிட்டன என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

தியாகதுருகம் கோட்டையைத் திப்பு சுல்தான் தாக்கியபோது அவனுடைய குதிரை வீரன் ஒருவன் ஆற்றைக் கடக்கையில் நழுவவிட்டது இது என்பது அவருடைய பெரியப்பாவின் அபிப்பிராயம். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் உடனே விடை சொல்லும் செயலி ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பொருள் என்று சிறிதும் தயக்கமின்றிச் சொல்லிவிட்டது. மூன்றாவதாக வந்த தரகர் ஒருவர், இதில் 'இரிடியம்' இருக்கிறது, பல லட்சம் பெறும், வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். இவற்றுள் மூன்றாவதுதான் நான் இந்தக் கட்டுரையை உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அரிசியை இழுக்கும் செம்பு என்றும், இடி விழுந்து சக்தியேறிய கலசம் என்றும், ஆங்கிலத்தில் 'ரைஸ் புல்லிங்' என்று பெயர் சூட்டியும் நம் ஜில்லாக்களில் எத்தனையோ குடும்பங்களை நிலம் விற்க வைத்த வஞ்சகத்தின் வால்தான் இந்த இரிடியப் பேச்சு. இரிடியம் என்பது பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த, மிக அரிதான உலோகம். அதை உருக்க ஏறக்குறைய 2,450 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். எந்தக் கன்னான் உலையும் அந்த உஷ்ணத்தைக் கனவிலும் கண்டதில்லை. அரிசியை அது இழுக்கவும் இழுக்காது. சந்தேகம் தீர வேண்டுமானால் நகைக்கடைத் தராசு ஒன்று போதும்: கொக்கியை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கியும் நிறுத்து, முதல் எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால், பித்தளைக்கு எட்டரையை ஒட்டிய எண் வரும், பொன்னுக்குப் பத்தொன்பதுக்கு மேல், இரிடியத்துக்கு இருபத்திரண்டுக்கு மேல் வரும். இதைச் செய்து பார்த்துவிட்டு அந்தத் தரகருக்கு விடை கொடுத்து அனுப்புங்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருளில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள்ளிருக்கும் உலோகத்தில் ஒரு சிறு மின்சுழலை எழுப்ப, அந்தச் சுழலின் எதிரொலியைக் கருவி கேட்கிறது; அவ்வளவே. பொருள் எவ்வளவு பெரியது, மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துவது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நேற்றுக் குடித்தெறிந்த பானக்குவளையின் அலுமினியத் துண்டும் நூறு வருஷத்துப் பித்தளையும் அதன் காதில் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கக்கூடும். விளம்பரத்தில் இதற்குப் 'புதையல் கருவி' என்று பெயரிட்டிருப்பது வியாபாரம்.

ஆழமும் வயதுக்குச் சாட்சியாகாது. வீட்டுக் கொல்லையிலோ மேட்டு நிலத்திலோ ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணில் கீழே கிடப்பது மூத்தது என்று சொல்லலாம். ஆற்று மணலுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணையின் படுகை எவ்வாறு புரண்டது என்பதைக் கரையிலிருந்தவர்கள் கண்ணாரக் கண்டார்கள். அந்த வெள்ளம் எதை எங்கிருந்து எடுத்து எங்கே புதைத்தது என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்? கார்பன் முறை என்று சிலர் நினைக்கக்கூடும், அது ஒருகாலத்தில் உயிரோடிருந்தவற்றுக்கு மட்டுமே உரியது, பித்தளைக்கு இல்லை. கொக்கியில் தோலின் துணுக்கு ஒட்டியிருந்தாலும்கூட, 1650க்குப் பிறகு காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறியும் இறங்கியும் வந்திருப்பதால், 1700க்கும் 1900க்கும் இடையே அது எந்த வருஷம் என்று அந்த முறையால் துணிந்து சொல்ல இயலாது.

அப்படியானால் எதை வைத்துத்தான் சொல்வது? அன்பரின் கடிதத்தில் அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பச்சைக் களிம்பு ஏறியிருந்த கொக்கியின் ஒரு பாதியை வீட்டில் குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்ததாகவும், சில இடங்கள் பொன்னைப்போல மஞ்சளாகவும், சில இடங்கள் திட்டுத் திட்டாகச் செம்பைப்போலச் சிவப்பாகவும் வெளிப்பட்டதாகவும், ஆகவே இது பொன்னும் செம்பும் கலந்து வார்த்த அபூர்வப் பொருளோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருக்கிறார். பொன் இல்லை. ஆனால் அந்தச் சிவப்புத் திட்டுகள், பித்தளை என்னும் கலப்பு உலோகத்தின் முழு ஜாதகத்தையும் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எவ்வாறு சேர்ந்தது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. செம்பு உருகுவது 1,085 டிகிரியில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிப் பறந்துவிடும். தாதுவிலிருந்து கரியின் உதவியால் துத்தநாகத்தைப் பிரிப்பதற்கும் ஏறக்குறைய அதே உஷ்ணம் வேண்டியிருப்பதால், மற்ற உலோகங்கள் உலையின் அடியில் உருகித் தேங்குவதுபோல இது ஒருபோதும் தேங்குவதில்லை. பிறக்கும்போதே ஆவியாகப் பிறந்து, காற்றுப் பட்ட கணத்தில் எரிந்து வெள்ளைப் பொடியாகிவிடுகிறது. ஆகவே, துத்தநாகம் என்று ஓர் உலோகம் உண்டு என்பதையே அறியாத மக்கள், பல நூற்றாண்டுகளாக அதைச் செம்பில் கலந்து பித்தளை செய்துவந்தார்கள். கலக்கும் இரண்டில் ஒன்றைக் கண்ணாலேயே காணாமல் கலப்பைச் செய்து முடித்த இந்த அற்புதத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அவர்கள் செய்தது இது: செம்பைச் சிறு துண்டுகளாக்கி, பொடித்த துத்தநாகத் தாதுவோடும் கரித்தூளோடும் கலந்து, மண் மூசையில் இட்டு, வாயை மூடி, செம்பு உருகாத அளவில் வெகு நேரம் சூடேற்றினார்கள். தாதுவிலிருந்து விடுபட்ட துத்தநாக ஆவி வெளியேற வழியின்றி, செம்புத் துண்டுகளின் மேல் படிந்து, திடமாயிருக்கும் அந்தச் செம்புக்குள்ளேயே ஊறி இறங்கியது. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவந்த பெண்ணின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதை இதற்கு ஒப்பிட்டால் முழுவதும் விளங்கும். கீழே தணல், தணலில் தூவிய சாம்பிராணி, மேலே கவிழ்த்த மூங்கில் கூடை, கூடையின்மேல் விரித்த கூந்தல். சாம்பிராணியை யாரும் கூந்தலில் தடவுவதில்லை. அது புகையாகித்தான் ஏறுகிறது. கூந்தல் விரிந்திருக்கும் வரையில்தான் புகை ஒவ்வோர் இழையிலும் புகும். அதையே கொண்டையாக முடிந்துவிட்டால் வெளிப்புறத்தில் மட்டும் சிறிது மணந்து, உள்ளே ஈரவாடையே மிஞ்சும். செம்பும் அவ்வாறே: உஷ்ணம் அளவுக்கு மிஞ்சினால் துண்டுகள் உருகி, மூசையின் அடியில் ஒரே கட்டியாகக் கொண்டை போட்டுக்கொண்டுவிடும், ஆவி படிவதற்கு இடம் குறைந்துபோகும்.

இந்த உவமையை இன்னும் கொஞ்சம் நீட்ட எனக்கு ஆசை. துத்தநாகம் ஏற ஏறப் பித்தளை உருகும் உஷ்ணம் இறங்கிக்கொண்டே வருகிறது. அதாவது, புகை ஏற ஏறக் கூந்தல் தானாகவே கொண்டையாக முடிந்துகொள்ளத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு துத்தநாகத்துக்கு மேல் இந்த முறையில் ஏறுவது அரிது. 1723இல் பிரிஸ்டல் நகரத்து நெகமையா சாம்பியன் என்பவர், உருகிய செம்பைத் தண்ணீரில் ஊற்றிச் சிறு மணிகளாக்கி, அந்த மணிகளை மூசையில் இட்டார். தாய் தன் விரல்களால் கூந்தலைக் கோதிக் கோதி இழை இழையாகப் பிரித்துக் காட்டுவதைப் போன்றது அது. பரப்பு பெருகவே, துத்தநாகம் முப்பத்துமூன்று பங்கு வரைக்கும் ஏறியது. அதற்கு மேலும் வேண்டுமானால் புகையை நம்பிப் பயனில்லை. துத்தநாகத்தையே தனி உலோகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, உருகிய செம்பில் நேரே கலக்க வேண்டும். பித்தளையில் துத்தநாகத்தின் விகிதம் காலத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதற்கு ஆதாரம் இதுதான்.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஐரோப்பாவில் துத்தநாகத்தை ஆவியிலிருந்து பிடித்துக் குளிரவைக்கும் முறைக்கு 1738இல் அந்த நெகமையாவின் மகன் வில்லியம் சாம்பியன் காப்புரிமை பெற்றார். 1781இல் ஜேம்ஸ் எமர்சன் நேரே கலந்து பித்தளை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ராஜஸ்தானத்து ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமேயே, கத்தரிக்காய் வடிவத்தில் செய்த மண்குடுவைகளை வரிசைக்கு ஆறாக முப்பத்தாறு கவிழ்த்து வைத்து, மேலே நெருப்பும் கீழே குளிர்ந்த அறையுமாக அமைத்து, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கி நம்மவர்கள் துத்தநாகம் வடித்துக்கொண்டிருந்தார்கள். தட்சசீலத்தில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுப் பித்தளைப் பாத்திரம் ஒன்றில் துத்தநாகம் முப்பத்துநான்கு பங்குக்கு மேல் இருக்கிறது. ஆகையால், துத்தநாகம் மிகுந்திருந்தால் 1781க்குப் பிந்தியது என்று ஐரோப்பியர் தம் நாட்டுப் பித்தளைக்கு வகுத்த விதியை இந்த நாட்டுப் பித்தளைக்கு அப்படியே பொருத்துவது தவறு.

இனி, புகையாக ஏறியது எவ்வாறு போகிறது என்பதைப் பார்ப்போம். பதினைந்து பங்குக்கு மேல் துத்தநாகம் உள்ள பித்தளை, ஈரமும் உப்பும் தேங்கிய மணலில் நெடுநாள் கிடந்தால், அதிலுள்ள துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறிவிடும். செம்பு மட்டும் அதே வடிவத்தில், பஞ்சுபோலத் துளைபட்டு நிற்கும். ஆற்றில் முழுகி எழுந்த கூந்தலில் சாம்பிராணி மணம் போய்விட, பின்னல் மட்டும் பின்னலாகவே இருப்பதைப்போல என்று சொல்லலாம். அன்பர் புளியால் மேலிருந்த களிம்பை நீக்கியதும் தெரிந்த சிவப்புத் திட்டுகள் இவ்விதம் துத்தநாகத்தை இழந்த இடங்களே. மஞ்சள் இன்னும் இழக்காத இடம். இரண்டும் ஒரே உலோகந்தான். ஒன்று ஆற்றுக்குக் கப்பம் கட்டியது, மற்றது இன்னும் கட்டவில்லை. இந்தத் திட்டுகளிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: கொக்கியில் துத்தநாகம் பதினைந்து பங்குக்கு மேல் இருந்திருக்கிறது, இது வெண்கலமும் அன்று, செம்பும் அன்று.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. துப்பாக்கி வடிவத்தில் கைக்கடக்கமாக இருக்கும் எக்ஸ்ரே கருவி ஒன்று இப்போது பழைய இரும்புக் கடைகள் முதல் நகை அடகுக் கடைகள் வரை வந்துவிட்டது. பொருளின்மேல் வைத்து விசையை அழுத்தினால், இத்தனை சதவீதம் செம்பு, இத்தனை சதவீதம் துத்தநாகம் என்று தசம ஸ்தானம் வரை எண்களைக் காட்டும். அந்தக் கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு மயிரிழையின் பருமனளவு ஆழங்கூட அதனால் பார்க்க முடியாது. சிவப்புத் திட்டின்மேல் வைத்தால் துத்தநாகம் ஐந்து பங்கு என்று காட்டும். மஞ்சள் திட்டின்மேல் வைத்தால் முப்பது என்று காட்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்தவன், 'ஆகா, இவ்வளவு குறைந்த துத்தநாகம், மிகவும் புராதனம்!' என்று கட்டுரை எழுதிவிடக்கூடும். ஆற்று மணலில் கிடந்த எந்தப் பித்தளையையும், பின்புறத்தில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் மேல்தோலைச் சிறிது சுரண்டி, உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாராமல் வயது கூறுவது சாஸ்திரம் அன்று. அவ்வாறு பார்க்கும்போது விகிதத்தைவிடக் கழிவுகளைக் கவனிப்பது மேல்: பழைய உலைப் பித்தளையில் ஈயமும் இரும்பும் ஆர்சனிக்கும் சிறிதளவு தங்கியிருக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பையும், இருபதாம் நூற்றாண்டில் துத்தநாகத்தையும் மின்சாரத்தால் சுத்தம் செய்யத் தொடங்கிய பின்னர் அந்தக் கழிவுகள் மறைந்தன. மிகத் தூய்மையான பித்தளை என்றால் அது நம் பாட்டனாருக்கு இளையது என்று கொள்ளலாம்.

இனிக் கொக்கிக்கே வருவோம். 1790 டிசம்பரில் திப்புவின் படை தியாகதுருகத்தைத் தாக்கியதும், காப்டன் ஃபிளின்ட் என்பவர் கோட்டையைக் காத்து நின்றதும் உண்மையே. ஆனால் அந்தக் காலத்து நம் நாட்டு வீரர்களுள் பெரும்பாலோர் இடையில் துணிக் கச்சை சுற்றியவர்கள். திப்புவின் அரசாங்கப் பொருள்களிலோ புலிவரி அடையாளம் வெகுவாகக் காணப்படும். இந்தக் கொக்கியில் புலிவரி இல்லை. புகைப்படத்தில் முன்பக்கம் மேடாக இருக்கும் பூவேலை பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரிகிறது. ஆகவே இது மண் கருவில் வார்த்தது அன்று, மெல்லிய தகட்டை எஃகு அச்சில் வைத்து அடித்தது. அச்சடிக்கும் முறை பர்மிங்ஹாமில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழங்கியதென்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். பின்புற வளையத்தின் உள்மடிப்பில், தேய்மானம் எட்டாத இடத்தில், மங்கலான மஞ்சள் சாயலோடு ஒரு வெள்ளைப் படலம் எஞ்சியிருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழவில்லை என்று அன்பர் எழுதுகிறார். ஈயப் பூச்சாயிருந்தால் கீறல் விழுந்திருக்கும். குரோமியமாயிருந்தால் நீலச் சாயல் அடிக்கும். இது நிக்கல் முலாம் என்றே எனக்குப் படுகிறது. மின்சாரத்தால் நிக்கல் முலாம் பூசுவது, 1869இல் அமெரிக்காவின் ஐசக் ஆடம்ஸ் காப்புரிமை பெற்ற பிறகுதான் பெருந்தொழிலாகப் பரவியது. அது பரவி இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர மேலும் சில வருஷங்கள் கொடுத்தால், 1880க்கும் 1940க்கும் இடைப்பட்ட ஆலைச் சரக்கு இது என்பது என் தீர்ப்பு. திப்புவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைப்பேசிச் செயலியும் ஏறக்குறைய நூறு வருஷம் தவறியிருக்கிறது.

எழுத்தோ சின்னமோ உள்ள கொக்கி கிடைத்தவர்களுக்கு வேலை எளிது. அசோகச் சிங்கம் இருந்தால் 1950 ஜனவரி 26க்குப் பிந்தியது. பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால் அதன் வளைவைப் பாருங்கள். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்துக்கும் 1901க்குப் பிறகு வந்த அரசர் கிரீடத்துக்கும் வடிவம் வேறு. சென்னைக் காலாட்படையின் எண் பொறித்திருந்தால் இன்னும் நலம்: 1903இல் கிச்சனர் பிரபு அந்த எண்களோடு அறுபதைக் கூட்டிப் புது எண் கொடுத்தார்; பதின்மூன்றாம் சென்னைக் காலாட்படை எழுபத்துமூன்றாம் கர்நாடகக் காலாட்படை ஆயிற்று; 1922இல் அந்த எண்களும் போயின. ஆனால் எழுத்து இருக்கிறதென்று மயங்கிவிடவும் வேண்டாம். 1960களில் நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி நகைக்கடையின் பெயரைப் பொறித்த பழைய அமெரிக்கக் கொக்கிகள் என்று ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அந்தக் கடை அவற்றைச் செய்ததே இல்லை. போலிக்கு ஆதாரமாகப் போலியான புத்தகம் ஒன்றையே அச்சிட்டு உலவவிட்டிருந்தார்கள்.

எழுத்தும் புகழும் இல்லாத இந்தச் சிறு கொக்கியைப் பற்றி இவ்வளவு எழுதியதற்குக் காரணம் தென்பெண்ணைதான். சற்றுக் கீழே திருக்கோவலூரில், இதே ஆற்றின் மணலில் கிடைத்த, குதிரை பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசுகளைக் கொண்டுதான் சங்க காலத்து மலையமான்கள் நாணயம் வெளியிட்டார்கள் என்பது நிலைநாட்டப்பட்டது. அவற்றை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1990இல் நூலே எழுதினார். அந்தக் காசுகளின் ஒரு பக்கத்தில் மலையும் ஆறும் மெல்லிய கோடுகளாகத்தான் இருக்கின்றன. யாராவது ஒருவர் புளியும் சாம்பலும் வைத்துப் பளபளப்பாகத் தேய்த்திருந்தால் அந்தக் கோடுகள் புளித் தண்ணீரோடு போயிருக்கும், மலையமானும் போயிருப்பான்.

ஆகவே மணலூர்பேட்டை அன்பருக்கும், ஆற்றங்கரையில் வசிக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. மண்ணிலிருந்து எடுத்த உலோகப் பொருள் எதையும் புளி, எலுமிச்சை, சாம்பல், கம்பிநார் எதனாலும் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, கிடைத்த இடம், நாள், ஆழம் மூன்றையும் அதன்மேல் எழுதி வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களுக்கு அருகில் அந்தக் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி ஜில்லாக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மணலூர்பேட்டை அடங்கிய கள்ளக்குறிச்சி 2019 முதல் தனி ஜில்லா. கலெக்டர் அலுவலகம் அங்கேயே இருக்கிறது. கொக்கியின் துலக்காத பாதியை இனியும் துலக்காமல் அவர்களிடம் காட்டுங்கள்.